ஏரிக்கரை வளைவும் இரண்டு வில்பட்டைகளும்

மச்சான்,

நேற்று சேலத்தில் ஒரு பட்டறையில் நம் வண்டியை ஜாக்கி கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பட்டறைக்காரர் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதையோ கழற்றினார். கழன்றதும் குப்பென்று ஒரு வாடை. ஊறின தோலும் பழைய விளக்கெண்ணெயும் சேர்ந்த வாடை. பத்து வருடத்துக்கு மேலாக என் வேட்டியிலும் துண்டிலும், சில நாள் என் சாப்பாட்டிலும்கூட இருந்த வாடை. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இருந்தும் அந்த வாடை வந்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"இதென்னங்க, தோலா? யாருங்க இந்த வேலை செஞ்சது?" என்று அடியிலிருந்து கேட்டார்.

"எங்க மச்சான்" என்றேன்.

அவர் இன்னும் உள்ளே நகர்ந்தார். பிறகு என்னையும் குனியச் சொல்லி இன்னொன்றைக் காட்டினார். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுத ஆரம்பித்தால் கத்திவிடுவேன். உங்கள் தங்கச்சி பாவாயி அடுப்படியில் இருக்கிறாள், என்னமோ ஏதோ என்று கரண்டியோடு ஓடி வருவாள். ஆகவே முதலிலிருந்து வருகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது என்னை ஒரு விஷயத்தையும் முழுதாகச் சொல்ல விட்டதில்லை. இப்போதாவது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

நாம் இருவரும் சேர்ந்து அந்தக் காரை வாங்கினதற்கு ஊராரிடம் சொன்ன காரணம் வாடகை ஓட்டுவது. நமக்குள்கூடச் சொல்லிக்கொள்ளாத காரணம் வேறு. அதற்கு முந்தின வருடம் பாவாயிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். நீங்கள் ஓட்டினீர்கள். நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் இறங்கி ஏறும்போது அவள் பல்லைக் கடித்தாள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. லேடி டாக்டரம்மா நம் இருவரையும் எதிரே நிறுத்திச் சொன்னார்: "அடுத்த தடவை காலத்தோட கொண்டு வாங்க. குலுங்காமக் கொண்டு வாங்க." காலத்தோடு என்பதை நான் பிடித்துக்கொண்டேன். குலுங்காமல் என்பதை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். அன்றைக்கு ஆரம்பித்தது என் கஷ்டம்.

யுத்தப் பேச்சே இல்லாத காலம் அது. சீமையிலிருந்து வந்து நாலு கை மாறின கார், மேலே கித்தான் மூடி, பக்கமெல்லாம் திறப்பு. ஓட்டுவது நான், பழுது பார்ப்பது நீங்கள் என்று பேச்சு. மல்லசமுத்திரத்திலிருந்து சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் சவாரி. கல்யாணம், கோர்ட்டு, தேர் நோம்பி என்று ஆட்களுக்குக் குறைவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடிற்று. ஓடுகிற வண்டியை ஓட விடுவது உங்களுக்கு ஆகாதே. சேலத்தில் ஒரு பஸ் பட்டறையில் இரண்டு வருடம் கிடந்துவிட்டு வந்தவர் நீங்கள். மற்றவர்களுக்கு வண்டி கண்ணில் படும். உங்களுக்கு அதிலிருக்கிற குறை மட்டும்தான் படும்.

குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊரைத் தாண்டினதும் பாதை ஏரிக்கரை மேல் ஏறி வலப்பக்கம் ஒரே வளைவாக வளையும். இடப்பக்கம் தண்ணீர். அந்த வளைவில் நம் வண்டி தண்ணீர்ப் பக்கமாகச் சாயும். உள்ளே இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். இதோடு விட்டால் பரவாயில்லை. பின்கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஒரு ஜவுளிக்காரரின் குடை அப்படித்தான் ஏரிக்குள் போயிற்று. நான் கதவைக் கயிறு போட்டுக் கட்டினேன். கயிறு எனக்குப் போதும். உங்களுக்குப் போதவில்லை.

"கதவு மேல குத்தமில்லீங்க மாப்ள. அடிச்சட்டம் முறுக்குது" என்றீர்கள். எனக்குப் புரியவில்லை என்று வீட்டுக்குள் போய்க் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டீர்கள். ஒரு மூலையில் நீங்கள் உட்கார்ந்ததும் எதிர்மூலைக் கால் தரையிலிருந்து எழும்பியது. "பாத்தீங்களா? காருக்கு அடியிலயும் இந்த மாதிரி நாலு கட்டைதானுங்க. ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்குனா முழுச் சட்டமும் முறுக்குது, கதவு நெகிழுது. குறுக்கால இழுத்துக் கட்டோணும்." கட்டிலில் படுத்திருந்த உங்கள் அப்பாவை எழுப்பிவிட்டுத்தான் இந்தப் பாடம் நடந்தது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

குறுக்கே இழுத்துக் கட்டினீர்கள். எதை வைத்து? மாட்டு வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டத்தை வெட்டி. அதை முடுக்குவதற்குச் சட்டத்தின் ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்டீர்கள். ஒரே மாதம். ஆட்டையாம்பட்டிச் சந்தைக்கு நடுவில், மூன்று பெண்களும் ஒரு தவில்காரரும் உள்ளே இருக்கும்போது, ஓட்டை போட்ட இடத்தில் சட்டம் விரிந்து வண்டி தரையில் உட்கார்ந்தது. உங்கள் காளைகளையே வரவழைத்து, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சந்தை முழுக்க வேடிக்கை பார்க்க ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் காளைகளுக்கு முன்னால் நடந்தபடியே திரும்பி, "ஓரத்துல ஓட்டை போடக் கூடாதுங்க மாப்ள, இப்பத்தான் வெளங்குச்சு" என்றீர்கள். உங்களுக்கு விளங்குவதற்காக நான் பட்ட அவமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பாவாயி மறுபடி முழுகாமல் இருந்தாள். எனக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகம். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் சேலத்தில் என் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அது வரை வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் போதும் என்பது என் எண்ணம். உங்கள் எண்ணம், அதற்குள் அந்த வண்டியைத் தொட்டில் ஆக்கிவிட வேண்டும் என்பது. "அம்மிணி போற வண்டியில சொட்டு மோர் சிந்தக் கூடாதுங்க" என்றீர்கள்.

மோர்! அதை எப்படி மறப்பேன்? உங்கள் அம்மாவின் பித்தளைச் சொம்பில் விளிம்பு வரை மோர் ஊற்றிப் பின்சீட்டில் வைப்பீர்கள். நான் ஏரிக்கரை வளைவில் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வர வேண்டும். வந்ததும் சொம்புக்குள் விரலை விட்டு அளப்பீர்கள். தண்ணீர் வைத்தால் ஆகாதா என்று கேட்டேன்.

"தண்ணி காஞ்சு போயிருமுங்க. மோர்னா எந்தப் பக்கம் எத்தனை சிந்துச்சுன்னு தடம் இருக்கும்."

தடம் இருந்தது. புளித்த வாடையும் இருந்தது, ஈயும் இருந்தது. ஓமலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பட்டு வேட்டி கட்டின மணமகன் அந்தச் சீட்டில்தான் உட்கார்ந்தார். மணவறை வரைக்கும் ஈ மொய்த்துக்கொண்டே போயிற்று. பெண் வீட்டார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. நான் திட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள்.

பிறகு வில்பட்டை, சக்கரத்துக்கு மேல் பாரம் தாங்க அடுக்கியிருக்கிற வளைந்த இரும்புத் தகடு. நொறுங்கின லாரி ஒன்றிலிருந்து இரண்டு பட்டைகளைச் சேலத்தில் தேடிப்பிடித்து வந்து, பின்பக்க வில்களில் பக்கத்துக்கு ஒன்றாக ஏற்றினீர்கள். வழக்கம்போல உளியால் அடையாளக் கீறலும் போட்டீர்கள், இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு இரண்டு. நீங்கள் செய்த எந்தச் சாமானிலும் அந்தக் கீறல் இருக்கும். கைநாட்டு வைக்கிறீர்களா என்றுகூட ஒரு நாள் கேட்டிருக்கிறேன்.

வண்டி சாய்வது குறைந்தது, வாஸ்தவம். பதிலுக்குக் குதித்தது. சட்டியில் வறுபடுகிற கடலைக்காய் மாதிரி ஜனங்கள் சீட்டில் எழும்பி எழும்பி உட்கார்ந்தார்கள். உங்கள் சொம்பே சாட்சி. வளைவில் ஒரு சொட்டுச் சிந்தாத சொம்பு, நேர்பாதையில் சிறு கல்லில் ஏறினதும் சீட்டிலிருந்து கீழே உருண்டது.

"சொம்பு வெச்ச எடம் சரியில்லீங்க" என்றீர்கள்.

"மச்சான், அந்தப் பட்டை ரெண்டையும் எடுத்துருங்க. கொஞ்சம் சாஞ்சாலும் பரவால்லைங்க. மெத்துனு போகோணும். சுமந்துட்டுப் போறது மூட்டை இல்லீங்க, புள்ளத்தாச்சி."

"ஓட்டறவரு ஓட்டுங்க மாப்ள. செய்யறவன் செய்யறேன்."

இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேட்பீர்கள். "வண்டி எப்படி இருக்குதுங்க மாப்ள?" ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் கேட்பீர்கள். நானும் ஒரே பதில்தான் சொல்வேன். "பரவால்லைங்க." அதற்கு மேல் ஒரு எழுத்துச் சொன்னால் அடுத்த நாளே எதையாவது கழற்றிப் போடுவீர்கள் என்ற பயம் எனக்கு.

குதிப்பை அடக்குவதற்கு நீங்கள் கண்டுபிடித்ததுதான் அந்தத் தோல். இரண்டு இரும்புக் கைகள், நடுவில் வட்டத் தோல்கள், அழுத்தி முடுக்கின ஒரு போல்ட்டு. கத்தரிக்கோல் மாதிரி விரிந்து மடங்கும், ஆனால் தோல் உரசுவதால் மெதுவாகத்தான் மடங்கும், வண்டியும் குதிக்காது என்றீர்கள். சீமை வண்டிகளில் இப்படி வருகிறது என்றீர்கள். சரி. அதற்குத் தோல் எங்கே கிடைத்தது? கிணற்றில் காளை கட்டிக் கவலை இறைக்கிற சாலில், அந்தப் பெரிய வாளியில், தண்ணீர் வெளியே கொட்டுகிற தோல்குழாயான தும்பியை வெட்டி எடுத்தீர்கள். புதுத் தும்பி. உங்கள் அப்பா காளைகளைக் கட்டிச் சாலை இறக்கி இழுத்திருக்கிறார், மேலே வந்தது வெறும் சால். மஞ்சள் வயல் மூன்று நாள் காய்ந்தது.

"ஏன்டா, கெணத்துல தண்ணி எறைக்கறதா, கார்ல சவாரி போறதா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிரு!" என்று மாமா தடியோடு நின்றார். நீங்கள் காருக்கு அடியில் இருந்தீர்கள். அங்கேயே இருந்தீர்கள். பதில் சொல்லிச் சமாளித்தது நான். தோலை விளக்கெண்ணெயில் போட்டுக் காய்ச்சினது சோற்றுப்பானையில் என்பது அத்தைக்குத் தெரிந்தபோதும் நான்தான் எதிரில் நின்றேன்.

பாவாயிக்கு எட்டாம் மாதம். தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் புளிய மரத்தடியில் வண்டி. வலப்பக்கக் கத்தரிக்கோல் மாட்டியாகிவிட்டது. இடப்பக்கத்தது துண்டு துண்டாகச் சாக்கின் மேல் கிடந்தது. போல்ட்டு வாங்கச் சேலம் போகிறேன் என்று நீங்கள் காலை பஸ்ஸில் கிளம்பினீர்கள். மத்தியானம் பாவாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கத்தைப் பிடித்து அமுக்கினாள். கல் மாதிரி இருந்தது.

"ஏனுங்க, இதுலதான் நான் போகோணுமா?"

"உங்கண்ணங்கிட்டச் சொல்லு."

"அவருகிட்டச் சொல்லி முடியுமாங்க? எடுத்துப் போடுங்க அந்த ரெண்டு பட்டையையும். கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

எடுத்தேன். அத்தனை வருடத்தில் நான் ஸ்பேனர் பிடித்தது அந்த ஒரு நாள்தான். அவள் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாக எண்ணி முந்தானையில் வாங்கி வைத்துக்கொண்டாள். பக்கத்துக்கு ஒரு பட்டையை உருவிவிட்டு, மிச்சத்தைப் பழையபடி முடுக்கி, உருவினதைக் கொண்டுபோய், மாட்டுத் தீவனத்துக்கு அடுக்கின சோளத்தட்டுப் போருக்குள் ஆழமாகச் செருகினேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டி இரண்டு விரற்கடை தணிந்து நிற்கிறது! என்ன செய்வது என்று யோசித்து, உயரம் தெரியாமல் இருக்கட்டும் என்று டயருக்குக் காற்றை ஏகத்துக்கு அடித்து வைத்தேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பொழுது சாயும்போது நீங்கள் வந்தீர்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். நான் டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "காத்து கொஞ்சம் அதிகமா இருக்குதுங்களே" என்று சொல்லி நாலு டயரிலும் காற்றை இறக்கிவிட்டு, காளைகளுக்குத் தட்டு எடுத்துப் போடப் போய்விட்டீர்கள். அவ்வளவுதான். பெரிய மெக்கானிக், இவரை ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நாலாம் நாள் விடிந்து வெயில் ஏறும்போது அவளுக்கு வலி வந்துவிட்டது. இடப்பக்கக் கத்தரிக்கோல் இன்னும் சாக்கின் மேல்தான் கிடந்தது. நான் கூச்சலிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை, உங்களை மனுஷன் என்று சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. நீங்கள் பின்சீட்டில் மெத்தையைப் பரப்பி, அவளையும் அத்தையையும் ஏற்றி, கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, என் பக்கத்துப் படிப்பலகையில் ஏறி வெளியே நின்றுகொண்டீர்கள்.

"உள்ள வாங்ணா!" என்று பாவாயி கத்தினாள். "உழுந்து கிழுந்து வெக்காதீங்க!"

"எடப்பக்கம் கத்தரிக்கோல் இல்லை சாமி. வளைவுல அந்தப் பக்கம் அமுங்கும். இந்தப் பக்கம் பாரம் வேணும். நீ படு."

ஏரிக்கரை வந்தது. கவலை ஓட்டும்போது காளைகள் சரிவில் இறங்க, நீங்கள் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து பின்னால் சாய்வீர்களே, அதே மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் வெளியே சாய்த்தீர்கள். தலை என் காதுக்குப் பக்கத்தில். "மெதுவா மாப்ள. பள்ளம். வலப்பக்கமா ஒடிங்க. இப்ப உடுங்க. இன்னொரு பள்ளம்." ஓட்டுகிறவன் ஓட்டு என்று எனக்குச் சொன்னவர் வழி நெடுக என்னை ஓட்ட விடவில்லை. ஆனால் வண்டி சாயவில்லை. குதிக்கவும் இல்லை. மெத்தென்று போயிற்று. பின்னால் பாவாயி முனகினாள், ஆனால் போன தடவை மாதிரி பல்லைக் கடிக்கிற சத்தம் வரவில்லை. நான் அதைத்தான் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். வளைவு தாண்டினதும் நீங்கள் என் காதில் சொன்னீர்கள்: "பாத்தீங்களா மாப்ள, நான் போட்ட பட்டை எப்படித் தாங்குதுன்னு!"

அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் பட்டை தட்டுப்போருக்குள் தூங்குகிறது ஐயா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சேலம் வரை பதினெட்டு மைலும் நீங்கள் உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினபோது கம்பியிலிருந்து உங்கள் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். மத்தியானத்துக்கு மேல் பெண் பிறந்தாள். கைக்குள் அடங்குகிற குழந்தை, ஆனால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற அழுகை. நீங்கள் தூணில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதீர்கள். நானும் அழுதேன்.

நாங்கள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வண்டியை நீங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டு, எங்களை அழைக்க வந்தபோது பின்கதவு கயிறு இல்லாமல் 'டப்' என்று சாத்திக்கொண்டது. ஏரிக்கரையிலும் திறக்கவில்லை. "தாழ்ப்பாளை மாத்திட்டேனுங்க" என்றீர்கள். நான் நம்பவில்லை. பட்டையை எடுத்ததால் குதிப்பு போயிற்று, குதிப்பு போனதால் கதவும் நிற்கிறது, எல்லாம் என் கைவேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அடித்த பெருமை கொஞ்சமா? சவாரிக்கு வருகிறவர்களிடமெல்லாம், சந்தையில், டீக்கடையில், யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டினபோதுகூட, "எல்லாம் நான் போட்ட பட்டைதானுங்க. லாரிப் பட்டை. வேணும்னா எங்க மாப்ளையக் கேளுங்க" என்பீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பீர்கள். நான் தலையை ஆட்டுவேன். உள்ளுக்குள் சிரிப்பேன். இந்த மனுஷர் எனக்குக் கொடுத்த தொல்லைக்கெல்லாம் இந்த ஒரு சிரிப்பு ஈடு என்று இருந்தேன். பத்து வருடத்துக்கு மேல் அந்தச் சிரிப்பை ஆசையாகப் பாதுகாத்து வைத்திருந்தேன் மச்சான்.

உங்களுக்கு விஷக் காய்ச்சல் கண்டபோது அதே வண்டியில்தான் கொண்டுபோனேன். அதே மெத்தை. ஏரிக்கரை தாண்டினதும் பின்னாலிருந்து கேட்டீர்கள், "வண்டி எப்படி இருக்குதுங்க மாப்ள?" எனக்கு ஆத்திரம். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, இப்போதும் வண்டியா? "பரவால்லைங்க. பேசாமப் படுங்க" என்றேன். படுத்தீர்கள். அப்புறம் கேட்கவே இல்லை.

இனிப் பட்டறைக்காரர் காட்டினதற்கு வருகிறேன். "இதையும் பாருங்க. சட்டத்துக்குக் குறுக்கால ரெண்டு இரும்பு, பெருக்கல் குறி மாதிரி. வில்பட்டையக் காய்ச்சி நிமுத்தி ஆணி கடாவியிருக்காங்க. ஓட்டையும் ஓரத்துல போடலை, நடுவுல போட்டிருக்காங்க. அதனாலதான் இத்தனை வருசம் சட்டம் முறுக்காம நிக்குது. தெரிஞ்ச ஆளுங்க." நான் உள்ளே நகர்ந்து போய்க் கட்டைவிரலால் அழுக்கைத் துடைத்தேன். ஒன்றில் ஒரு கீறல். இன்னொன்றில் இரண்டு கீறல்.

தட்டுப்போரில் நான் ஒளித்த பட்டைகள். பாருங்கள், மச்சான், இது நியாயமா? நான் ஒளித்ததை எடுத்து, என் வண்டிக்கு அடியிலேயே மாட்டி, என்னையே அதன் மேல் உட்கார வைத்து ஓட்ட விட்டிருக்கிறீர்கள். ஊருக்கெல்லாம் பட்டைப் பெருமை பேசி என் முகத்தைப் பார்த்தீர்களே, அது நான் சிரிப்பதைப் பார்க்கவா? அந்தப் பெருமையும் பொய் இல்லையே, பட்டை வண்டியில்தானே இருந்தது! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்ததும் பாவாயியிடம் கேட்டேன். அவள் முறத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அன்னைக்கு மாட்டுக்குத் தட்டு உருவப் போனாருல்ல, கையோட அதுவும் வந்துருச்சு. எங்கிட்ட வந்து கேட்டாரு. நாந்தான் எடுக்கச் சொன்னேன்னேன். போயி வண்டிய அமுக்கிப் பாத்துட்டு வந்து, 'அம்மிணி, மாப்ள சொன்னதுதான் சரி. எனக்குத் தெரியும்னு சொல்லிராத. சொன்னா நான் மறுக்காப் போட்டுருவேன்னு பயந்துட்டு வண்டிக்கடியிலயே படுத்துக்குவாரு. புள்ள பொறக்கற நேரத்துல அவரு நிம்மதியா இருக்கட்டும்'னாரு."

"பொறந்த பொறகு சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் அத்தனை சந்தோசமா இருந்தீங்களே!" என்றாள்.

இன்று காலை வண்டியை எடுக்கப் போனேன். அந்த இரண்டு இரும்பையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுத் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். தொடக் கூடாது என்று நேற்றே சொல்லிவிட்டேன். ஆணிகளை மட்டும் தட்டி முடுக்கி, தோல்களை விளக்கெண்ணெயில் ஊற வைத்து மாட்டியிருந்தார். அவரை ஏற்றிக்கொண்டு கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இறங்கும்போது, இந்தத் தொழிலில் எல்லாரும் கேட்கிற மாதிரிதான் அவரும் கேட்டார்: "வண்டி எப்படி இருக்குதுங்க?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் முகம் மலர்ந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார். நான் வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போய்விட்டேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் கேட்டுக் கேட்டு, நான் ஒரு தடவையும் தராத வார்த்தை. காய்ச்சலில் படுத்துக்கொண்டு கேட்டபோதுகூடத் தராத வார்த்தை. ஒரு நாள் ஆணி முடுக்கினதற்கு அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபம் அவர் மேலா, உங்கள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்கே போனேன். அவர் என்ன கழன்றுவிட்டதோ என்று பதறி ஓடி வந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "முந்தி நல்லா இருக்குதுன்னு சொன்னனே, அது உங்களுக்குச் சொன்னதில்லீங்க. எங்க மச்சானுக்குச் சொன்னது."